உலையில் எரிவது காஸா, காசா?

பேக்கரி நடத்துபவர், அலுமினியச் சட்டி வார்ப்பவர், பித்தளைச் சாமான் செய்பவர், நகைப்பட்டறை வைத்திருப்பவர் என்று நெருப்பை நம்பித் தொழில் செய்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களது கணக்குக் கொப்பியைப் புரட்டினால் மூலப்பொருளுக்கும் கூலிக்கும் அடுத்தபடியாக நிற்பது காஸ் செலவுதான். கொழும்பில் 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ வீட்டுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவுக்குப் போனதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தொழிலுக்குப் பாவிக்கும் பெரிய சிலிண்டரும் கூடவே ஏறியது. பின்னர் விலை இறங்கியது உண்மை. ஆனால் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை.

காஸ் விலையை நாம் தீர்மானிக்க முடியாது. வாங்கிய காஸை உலை எப்படிச் செலவழிக்கிறது என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நான் எஞ்சினியர் அல்ல. பழைய சோனகத் தெருவில் நீண்ட காலமாக இரும்புச் சாமானும், ஃபயர் பிரிக் என்று கேட்டு வாங்கும் நெருப்புக்கல்லும் விற்று வருபவன். உலை கட்டுபவர்கள் வந்து போகும் கடை என்பதால், எந்த உலை நன்றாக ஓடுகிறது, எது முதலாளியைக் கடனாளியாக்குகிறது என்பது காதுக்கு வந்துகொண்டே இருக்கும். மற்றதைப் படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டேன்.

கடைக்கு வருபவர்கள் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான். “நல்ல பேர்னர் ஒன்று இருக்கா நானா?” காஸ் அதிகம் செலவாகிறது என்றால் பேர்னர்தான் குற்றவாளி என்பது எல்லோருடைய எண்ணம். பேர்னருக்கும் பங்குண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காற்றை.

நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். ஒரு பங்கு பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். நிறைக் கணக்கில் சொன்னால் 1 கிலோ காஸுக்கு ஏறக்குறைய பதினைந்தரைக் கிலோ காற்று. அது எவ்வளவு இடத்தை அடைக்கும் தெரியுமா? எட்டடிக்கு ஏழடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டடி உயரம். அந்த அறை நிறைந்த காற்று. 37.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது அப்படி 37 அறைகளின் காற்று உங்கள் உலைக்குள் நுழைந்து, சூடாகி, புகைபோக்கியால் வெளியேறியிருக்கும். நாம் காசு கொடுப்பது காஸுக்கு. உலைக்குள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதோ காற்று.

அந்தக் காற்றில் எரிவதற்கு உதவும் ஒட்சிசன் 21 வீதம் மட்டுமே. மீதியில் ஏறக்குறைய எல்லாம் நைதரசன். அது எந்த வேலையும் செய்யாது. குளிராக உள்ளே வந்து, உலையின் சூட்டைக் குடித்து, சூடாக வெளியே போகும். கலியாண வீட்டில் வேலைக்கென்று வந்து சாப்பிட்டுவிட்டு மட்டும் போகிறவர்களைப் போல. அவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் தேவைக்கு மேல் அழைக்காமல் இருக்கலாம்.

காற்று குறைந்தால் என்ன நடக்கும்? காஸ் முழுமையாக எரியாது. சுவாலை மஞ்சளாக, சோம்பலாக அலையும். மூசையின் வெளிப்புறத்தில் கரி படியும். காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயு உண்டாகும். எரியாத காஸ் புகைபோக்கியால் போவதென்றால் அது நேரடியாகக் காசு போவதுதான். இதை எல்லோரும் உணர்கிறார்கள், ஏனென்றால் கரி கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே புளோவரை முழுதாகத் திறந்து விடுகிறார்கள். சுவாலை நீலமாகிறது, இரைகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. பெரும் நட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலதிகக் காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உலையிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் 1,000 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். பித்தளை உருக்கும் உலையில் இது சாதாரணம். தேவையான காற்றைவிட 10 வீதம் மட்டும் அதிகம் விட்டால், காஸின் வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேல் உலைக்குள் நிற்கும். மீதி புகையோடு போய்விடும். சரியாகச் செய்தும் பாதிதான். மேலதிகக் காற்றை 50 வீதமாக்கினால் உலைக்குக் கிடைப்பது ஐந்தில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. காற்று இரட்டிப்பானால், அதாவது 100 வீதம் அதிகமானால், ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே காஸ், அதே பேர்னர், அதே உலை. புளோவர் வாயிலுள்ள தகட்டை எவ்வளவு திறந்தோம் என்பதில் மட்டும் வித்தியாசம்.

இதே கணக்கைப் பாண் சுடும் போறணைக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே புகை வெளியேறுவது 250, 300 பாகையில். மேலதிகக் காற்று இல்லாவிட்டால் புகையோடு போவது பத்தில் ஒரு பங்கு. காற்று இரட்டிப்பானாலும் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஆகவே பேக்கரிக்காரர் ஒருவர் “எனது போறணையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டு வார்ப்புப் பட்டறைக்காரர் தனது உலையிலும் அப்படித்தான் என்று நினைத்தால் அவருக்குத்தான் நட்டம். சூடு ஏற ஏறக் காற்றின் பிழை பெருகும். எந்த உலையைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: புகை எத்தனை பாகையில் வெளியேறப் போகிறது?

சில வருடங்களுக்கு முன்னர் அலுமினியம் வார்க்கும் இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். வாப்பா நடத்திய பட்டறை, இப்போது இவரது பொறுப்பில். கழிவெண்ணெயில் ஓடிய உலையை, அயலவர்கள் புகையைப் பற்றி முறையிட்டதால் காஸுக்கு மாற்றியிருந்தார். மாற்றியது என்றால், எண்ணெய் பேர்னர் இருந்த துவாரத்தில் காஸ் பேர்னரைச் சொருகியதுதான்.

“நானா, இந்தக் காஸ் உலையை மூடிட்டு வேற தொழில் பார்க்கலாமெண்டு யோசிக்கிறன். உருக்க உருக்கக் கடன்தான் ஏறுது” என்றார்.

“ஒரு கிலோ காஸுக்கு எத்தனை கிலோ உருக்குறீங்க தம்பி?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாதத்துக்கு எத்தனை சிலிண்டர் என்பது மட்டும் தெரியும்.

எனக்குத் தெரிந்து பத்துப் பட்டறைகளில் எட்டில் இந்தக் கணக்கு இல்லை. ஏட்டுக் கணக்கின்படி 1 கிலோ அலுமினியத்தை உருக்கி 720 பாகைக்குக் கொண்டுவர சுமார் 1.1 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 1 கிலோ காஸில் இருப்பது சுமார் 46 மெகாஜூல். ஆக, ஒரு துளியும் வீணாகாவிட்டால் 1 கிலோ காஸில் 40 கிலோ அலுமினியம் உருக வேண்டும். அப்படி உருக்கும் உலை உலகத்தில் இல்லை. காஸில் ஓடும் சாதாரண மூசை உலைகள் பலவற்றில் 10 வீதம், நன்றாக இருந்தால் 20 வீதம் வரைதான் பலோகத்துக்குள் போகிறது. அதாவது 1 கிலோ காஸுக்கு 4 முதல் 8 கிலோ அலுமினியம். அந்த இளைஞர் ஒரு வாரம் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்ன கணக்கு 3 கிலோவைத் தொடவில்லை. நாலுக்குக் கீழே இருக்கும்போது தொழிலை மூட வேண்டிய அவசியமில்லை, உலையைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். உலை கட்டுவதில் தேர்ந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தோம்.

எண்ணெய்ச் சுவாலைக்கும் காஸ் சுவாலைக்கும் குணம் வேறு. எண்ணெய்ச் சுவாலை மஞ்சளாக ஒளிரும். அந்த ஒளிர்வே சூட்டை நாலாபுறமும் வீசும். காஸ் சரியாக எரிந்தால் சுவாலை மங்கலாகவே இருக்கும். அது வீசும் சூடு குறைவு. சூடு முழுவதும் ஓடும் புகைக்குள் இருக்கும். ஆகவே அந்தப் புகை மூசையைச் சுற்றி நெடுந்தூரம் ஓடி, சுவரையும் மூசையையும் உரசிச் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். இந்தப் பட்டறையில் பேர்னர் நேராக மூசையின் வயிற்றைப் பார்த்து நின்றது. சுவாலை மூசையில் மோதி, திரும்பி, நேரே மேலே போய்விடும். மோதிய இடத்தில் மூசை வெடிப்பதும் அதனால்தான். மூசைக்கும் பேர்னருக்கும் வெவ்வேறாகக் காசு கரைந்துகொண்டிருந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காஸ் எரிந்து முடிய நேரமும், சூடும், நல்ல கலப்பும் வேண்டும். எரிந்து முடிவதற்கு முன்னர் சுவாலை குளிர்ந்த பொருளில் பட்டால் அந்த இடத்திலேயே எரிதல் நின்றுவிடும். சட்டியின் அடியில் கரி பிடிப்பதை நமது பெண்கள் அறிவார்கள். அடுப்புக்கும் சட்டிக்கும் இடையில் போதிய இடைவெளி இல்லாததும் அதற்கு ஒரு காரணம். உலையிலும் அதே கதைதான். வட்ட உலையில் பேர்னரைச் சுவரோரமாக, அடிப்பகுதியில், சாய்த்து வைக்க வேண்டும். சுவாலை மூசையில் மோதாமல், மூசைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் சுழன்று மேலேறும். அந்த இடைவெளி மூன்று, நான்கு அங்குலம் இருப்பது நல்லது. மிகக் குறைந்தால் எரிய இடமில்லை. மிகக் கூடினால் சூடேற்ற வேண்டிய வெற்றிடம் பெருகும். பெரிய மூசைக்குக் கட்டிய உலைக்குள் சின்ன மூசையை வைத்து உருக்கும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அப்படிச் செய்யும்போது நாம் சூடாக்குவது பெரும்பாலும் வெறுமையை.

அந்தப் பட்டறையில் உலைக்கு மூடியும் இருக்கவில்லை. முன்பு இருந்ததாம், உடைந்த பிறகு போடவில்லையாம். சிவந்து எரியும் உலையின் திறந்த வாய், சூரியனைப் போலச் சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். 1,000 பாகையில் அரையடிக்கு அரையடி துவாரம் ஒன்று மட்டும் 2 முதல் 3 கிலோவாற்று வரை வெளியே வீசும். அதாவது இரண்டு மூன்று மின்சார ஹீற்றரை வீதியைப் பார்த்து வைத்தது போல. புகையோடு போகும் பங்கையும் சேர்த்தால், அந்த ஒரு துவாரம் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் 1 கிலோ காஸ் வரை தின்னும். முழு வாயும் திறந்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர் வியர்த்துக் கொட்டினால், அது அவருடைய கஷ்டம் மட்டுமில்லை, உங்கள் பில்லும்தான்.

மூடியில் புகை போகத் துவாரம் வேண்டும். அது மிகப் பெரிதாக இருந்தால் சூடு தங்காது. மிகச் சிறிதாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, சுவாலை பேர்னர் பக்கம் திரும்பும், கதவு விளிம்புகளால் நாக்கை நீட்டும். உயரமான புகைபோக்கி வைத்த உலைகளில் இதற்கு எதிர்மாறான தொல்லை. புகைபோக்கி இழுக்கும் இழுவையில், கதவு இடுக்குகளாலும் வெடிப்புகளாலும் குளிர்காற்று உள்ளே புகும். பேர்னரில் காற்றை எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும், திருட்டு வழியால் நுழையும் இந்தக் காற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். புகைபோக்கியில் டம்பர் தகடு ஒன்று வைத்து, உலையின் உட்புற அழுத்தம் வெளியைவிட மிகச் சிறிதளவு கூடுதலாக நிற்கும்படி அதைச் சரிசெய்ய வேண்டும். கதவு இடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தால் தெரிந்துவிடும். புகை உள்ளே இழுபட்டால் இழுவை அதிகம். மெதுவாக வெளியே தள்ளப்பட்டால் சரி.

அடுத்தது சுவர். இதில் எனது வியாபாரமும் சம்பந்தப்பட்டிருப்பதால் வாசகர்கள் என்னைச் சற்றுச் சந்தேகத்தோடு படிக்கலாம். தடித்த நெருப்புக்கல் சுவர்தான் சூட்டைக் காக்கும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நெருப்புக்கல் சூட்டைத் தாங்கும், தடுப்பதில் கெட்டிக்காரன் அல்ல. ஒன்பது அங்குலத் தடிப்புள்ள நெருப்புக்கல் சுவர் ஒரு சதுர மீற்றருக்கு 450 கிலோவுக்கு மேல் பாரம். உள்முகம் 1,000 பாகையில் நிற்க, அது முழுதாகச் சூடேறிவிட்டால், 5 கிலோ காஸில் இருக்கும் வெப்பத்தை அந்த ஒரு சதுர மீற்றர் விழுங்கியிருக்கும். பின்னேரம் உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இரவு முழுவதும் சுவர் ஆறுகிறது. காலையில் மீண்டும் முதலிலிருந்து. இரவு பகலாக மாதக்கணக்கில் எரியும் கண்ணாடித் தொழிற்சாலைக்கு இது பெரிய விஷயமில்லை. நாளுக்கு ஆறு மணித்தியாலம் வேலை செய்யும் பட்டறைக்கு இதுதான் விஷயம்.

துளைகள் நிறைந்த இலேசான காப்புக்கல்லும், செரமிக் பிளாங்கற் என்ற பஞ்சு போன்ற விரிப்பும் இதற்குத்தான் வந்தன. காப்புக்கல் வழியாகப் போகும் சூடு, நெருப்புக்கல் வழியாகப் போவதில் நான்கில் ஒரு பங்களவுதான். விரிப்போ ஒரு கன மீற்றருக்குச் சுமார் 130 கிலோ மட்டுமே. நெருப்புக்கல் 2,000 கிலோவுக்கு மேல். பாரம் இல்லாததால் அது விழுங்கும் சூடும் சொற்பம், உலை விரைவில் சூடேறும். ஆனால் விரிப்பை அப்படியே சுவாலைக்கு முன்னால் விடக் கூடாது. உரசிப் பிய்ந்துவிடும், உருகிய பலோகம் தெறித்தாலும் தாங்காது. மெல்லிய நெருப்புச் சாந்தோ, அரைத் தடிப்புக் கல்லோ உள்ளே இருக்க, அதற்குப் பின்னால் விரிப்பு இருப்பதே நீடிக்கும். அதை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. மூக்குக்கு முகமூடி இல்லாமல் வெட்ட வேண்டாம் என்று வாங்குபவர்களிடம் எப்போதும் சொல்வேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இத்தனை செய்தும் பாதிச் சூடு புகையோடு போகிறதே, அதைப் பிடிக்க முடியாதா? முடியும், இது பழைய யோசனை. ஜேர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த சீமன்ஸ் சகோதரர்கள் 1850களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். பிரெட்ரிக் சீமன்ஸ் 1856 இல் காப்புரிமை எடுத்தார். கற்களை அடுக்கிய அறைகள் வழியாகச் சூடான புகையை வெளியேற்றுவது, கற்கள் சூடேறியதும் பாதையை மாற்றி அதே அறை வழியாக உலைக்குப் போகும் காற்றை அனுப்புவது. காற்று குளிராக நுழையாமல் சூடாக நுழையும். நிலக்கரியிலிருந்து காஸ் உண்டாக்கி இந்த உலையில் எரித்து, பேர்மிங்ஹாமுக்கு அருகில் கண்ணாடி உருக்கினார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே 1862 ஜூனில் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய தமது கடைசி வெள்ளிக்கிழமை மாலை உரையை இந்தக் காஸ் உலையைப் பற்றித்தான் ஆற்றினார். உரை நடக்கும்போது தமது குறிப்புத்தாள்கள் எரிந்துபோயின என்பது கொசுறுச் செய்தி.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நமது பட்டறைக்குத் தேவையில்லை. புகை வெளியேறும் பாதையில் வெப்பம் தாங்கும் துருவேறா உருக்குக் குழாய்களை வைத்து, புளோவர் காற்றை அதன் வழியாக அனுப்பினாலே போதும். 1,000 பாகைப் புகையில் ஓடும் உலைக்குக் காற்றை 400 பாகைக்குச் சூடாக்கிக் கொடுத்தால், காஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆனால் இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. 400 பாகைக் காற்று, குளிர்காற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். ஆகவே பேர்னருக்குப் போகும் குழாயைப் பெரிதாக்க வேண்டும். புளோவர் எப்போதும் குளிர்ந்த பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மற்றது, காலையில் உலை குளிராக இருக்கும்போது சரிசெய்த காற்று, சூடேறிய பின்னர் போதாமல் போகும். உலை முழுச் சூட்டில் ஓடும்போதுதான் காற்றைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்வதை எதை வைத்துச் செய்வது? கண்ணை வைத்துப் பாதிதான் செய்யலாம். உலை சிவந்த பிறகு சுவாலையின் நிறத்தைப் பார்ப்பது கடினம். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் கருவி உண்டு. 3 வீத ஒட்சிசன் என்று காட்டினால் மேலதிகக் காற்று சுமார் 15 வீதம். 6 வீதம் என்றால் 37 வீதம் அளவில். 10 வீதம் என்றால் 85 வீதத்துக்குக் கிட்ட. அந்த இளைஞரின் உலையில் கருவி காட்டியது பத்துக்கு மேல். கருவியை எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. வலுக் கணக்காய்வு செய்பவர்களிடம் இருக்கிறது. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் விசாரித்தால் அங்கீகாரம் பெற்றவர்களை அறிந்துகொள்ளலாம். ஒரு நாள் கூலி கொடுத்து அளந்து, காற்றுத் தகட்டில் ஒரு அடையாளம் வெட்டி வைத்துக்கொண்டால் நெடுநாளைக்கு உதவும்.

பெரிய தொழிற்சாலைகளில் 2 வீத ஒட்சிசனுக்குக் கூட இறக்குகிறார்கள். சின்னப் பட்டறைக்கு அந்த ஆசை வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். காரணம் நமது காஸ் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது, புரொப்பேன், பியூட்டேன் வீதம் மாற்றப்பட்டதே பிரதான காரணமென ஜனாதிபதி நியமித்த குழு கூறியது. கலவை மாறினால் வெடிப்பு ஆபத்து ஒரு பக்கம், உலையின் காற்றுக் கணக்கும் மாறும். ஒரே ஜெட், ஒரே அழுத்தம் என்றால், தனிப் பியூட்டேன் ஓடுவதைவிடத் தனிப் புரொப்பேன் நிறையில் சுமார் 13 வீதம் குறைவாக ஓடும். கலவை அதிகம் மாறாவிட்டாலும், ஒரே சிலிண்டருக்குள்ளேயே இந்த மாற்றம் நடக்கிறது. புரொப்பேன் இலகுவில் ஆவியாவதால் முதலில் அதுவே அதிகம் வெளியேறும். சிலிண்டரின் கடைசிப் பகுதியில் பியூட்டேன்தான் மிஞ்சும். காற்றை இழுத்துப் பிடித்து வைத்திருந்தால் கடைசி உருக்கில் கரி பிடிக்கும். 3, 4 வீத ஒட்சிசனில் நிறுத்திக்கொண்டால் இந்த ஏற்ற இறக்கத்தை உலை தாங்கும்.

ஒரு சிலிண்டரிலிருந்தே பெரிய பேர்னருக்குக் காஸ் இழுப்பதும் கணக்கைக் கெடுக்கும். திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிரும், வெளியே பனி பிடிக்கும், அழுத்தம் விழும். பனி பிடித்த சிலிண்டரைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்குபவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம். மூன்று, நான்கு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்து எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

காஸ் குழாயில் காந்தம் பூட்டினால் 20, 30 வீதம் மிச்சம் என்று ஒரு பொருளை விற்கக் கொண்டுவந்தார்கள். எனது கடையில் வைக்க மறுத்துவிட்டேன். காந்தத்தைக் கண்டு காஸ் எரியும் விதத்தை மாற்றிக்கொள்வதில்லை.

காசைவிடப் பெரிய விஷயம் உயிர். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்காலத்தில் பட்டறைக் கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு உலை எரிப்பதும், உலைக்குப் பக்கத்தில் சூட்டுக்காகப் படுப்பதும் சாவை அழைப்பதற்குச் சமம். தலையிடி, வாந்தி என்று ஒருவர் சொன்னால் உடனே வெளியே கொண்டுவர வேண்டும். காஸ் காற்றைவிடப் பாரம் கூடியது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையிலும் குழியிலும் தேங்கும். காற்றில் 2 வீதம் அளவில் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நிலத்தைத் தோண்டிக் கட்டிய உலைகளில் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பற்ற வைப்பதற்கு முன்னர் புளோவரை மட்டும் சில நிமிடம் ஓட விட்டு, உலைக்குள் தேங்கியதை வெளியேற்றிவிட்டுத்தான் காஸைத் திறக்க வேண்டும். சுவாலை அணைந்தால் காஸைத் தானாகவே நிறுத்தும் வால்வு, மின்சாரம் போய் புளோவர் நின்றால் காஸையும் நிறுத்தும் வால்வு, இரண்டும் இல்லாத உலையைக் கட்டிக்கொடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் சரி.

கையில் இருக்கும் காசு கொஞ்சம் என்றால் எதை முதலில் செய்வது என்று அந்த இளைஞரும் கேட்டார். பாதுகாப்பு வால்வுகளுக்கு அடுத்து மூடி. அதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். பிறகு பேர்னரைச் சுவரோரமாகச் சாய்ப்பதும் காற்றைச் சரிசெய்வதும். அடுத்த முறை உலையைப் பிரித்துக் கட்டும்போது சுவர். மூடியும் சாய்ந்த பேர்னரும் சரிசெய்த காற்றுமாக ஓடத் தொடங்கிய பின்னர் அவர் நிறுத்துச் சொன்ன கணக்கு, 1 கிலோ காஸுக்கு 5 கிலோ அலுமினியத்தைத் தாண்டியிருந்தது. காற்றைச் சூடாக்கும் குழாய்களையும் உடனே போட வேண்டுமென்று நின்றார். ஓட்டை உலைக்கு அது வீண் செலவு என்று உலை கட்டுபவர் தடுத்துவிட்டார். சுவரையும் மாற்றிக் கட்டி, ஆறு மாதம் ஒவ்வொரு உருக்குக்கும் காஸையும் பலோகத்தையும் நிறுத்து எழுதிவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறார்.